முதல் உலகப் போர் டாங்கி மாதிரி: மார்க் 4, ரெனோ எஃப்டி, ஏ7வி – எந்தக் கிட்டை எடுப்பது?

ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மாதிரிகளின் (கிட்) பெட்டிப் படத்தில் பார்த்தால் முதல் உலகப் போர் டாங்கிகள் எல்லாமே சுலபமாகத் தெரியும். தட்டையான தகடுகள், வரிசை வரிசையாக ரிவிட்டுகள், ஒன்றிரண்டு துப்பாக்கிகள், அவ்வளவுதான். பின்னாளைய டாங்கிகளில் உடல் முழுக்கத் தொங்கும் கருவிகளும் விளக்குகளும் இழுவைக் கயிறுகளும் இவற்றில் கிடையாது. ஆனால் வேலை சிக்குவது டிராக்கில்தான், அதாவது டாங்கி ஓடும் சங்கிலிப் பட்டையில். பிரிட்டிஷ் மார்க் வகை டாங்கியில் டிராக் உடலைச் சுற்றியே ஓடுகிறது, அதன் கோடுதான் டாங்கியின் உருவம். ரெனோ எஃப்டியில் டிராக் சிறியது, ஆனால் சக்கரம், சுருள்வில், மேல் உருளை என்று அத்தனையும் கண்ணில் படும். ஜெர்மன் ஏ7வியில் பெரும்பகுதி கவசத் தகட்டுக்குப் பின்னால் மறைந்துவிடும். எந்த டாங்கி பிடித்திருக்கிறது என்று யோசிக்கும்போதே, டிராக்கில் எவ்வளவு நேரம் உட்காரத் தயார் என்பதையும் சேர்த்து முடிவு செய்துவிட வேண்டும். பாதியில் பெட்டிக்குள் திரும்பிப்போகும் கிட்டுகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் நிற்கின்றன.

அளவைப் பற்றி முதலில். மார்க் 4-இன் நீளம் ஏறத்தாழ 8.05 மீட்டர். 1/35 அளவில் (நிஜத்தின் 35-இல் ஒரு பங்கு) அது 230 மி.மீ., 1/72-இல் 112 மி.மீ. ரெனோ எஃப்டி பின்வாலையும் சேர்த்து 5 மீட்டர். 1/35-இல் 143 மி.மீ.தான் வரும், உள்ளங்கையில் அடங்கும். ஏ7வி 7.34 மீட்டர் நீளம், 3 மீட்டருக்கும் மேல் உயரம். 1/35-இல் 210 மி.மீ. நீளத்துக்கு ஒரு செங்குத்துப் பெட்டியாக நிற்கும். அலமாரியில் இடம் குறைவென்றால் எஃப்டியை 1/35-இலும் பிரிட்டிஷ் டாங்கிகளை 1/72-இலும் எடுக்கலாம், ஆனால் இரண்டையும் ஒரே காட்சியில் வைக்க முடியாது. ஏர்ஃபிக்ஸின் பழைய மார்க் 1 கிட் 1/76. அதை 1/72 சிப்பாய்களோடு வைத்தால் ஆட்கள் டாங்கிக்குக் கொஞ்சம் பெரிதாகத் தெரிவார்கள். டாங்கி தனியாக நின்றால் பிரச்சினை இல்லை.

மார்க் 4: மூன்று கிட், மூன்று வழி

1/35-இல் மார்க் 4 கட்ட நினைப்பவர் முன்னால் தாமியா, டாகோம், எம்ஹார் என்று மூன்று நிறுவனப் பெயர்கள் வரும். மூன்றும் ஒரே டாங்கிதான். கட்டும் அனுபவம் வேறு வேறு.

எம்ஹார் மூன்றிலும் பழையது. பாகங்கள் குறைவு, டிராக் மென்மையான வினைல் பட்டையாக வருகிறது. கட்டுவதற்கு வேகமான கிட், ஆனால் அந்தப் பட்டை மூலைகளில் தகடு தகடாக முறியாமல் வளைந்து போகும். நிஜ டாங்கியில் ஒவ்வொரு தகடும் சுமார் 52 செ.மீ. அகலமுள்ள தட்டை எஃகு. முன்கொம்பு (பக்கச் சட்டத்தின் உயர்ந்த முன்முனை) திரும்பும் இடத்தில் அவை பலகோணமாக நிற்க வேண்டும். அந்த மூலைதான் மார்க் 4-இன் முகம் என்பதால் வினைல் பட்டையின் குறை அங்கேதான் துருத்தும். வினைலில் பிளாஸ்டிக் பசை பிடிக்காது. சூப்பர் குளூவைச் சொட்டுச் சொட்டாக வைத்து, கிளிப் போட்டு, ஓர் இரவு விட வேண்டும். பெயின்ட் உரியாமலிருக்கப் பட்டையைச் சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்திய பிறகே ப்ரைமர் (பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடிக்க வேண்டும்.

தாமியாவின் கிட் ஒற்றை மோட்டாரோடு வருகிறது. நேராக ஓடும், திரும்பாது. பாகங்கள் பொருந்தும் விதத்தில் தாமியாவுக்கு நிகர் இந்த வரிசையில் இல்லை. டிராக் தனித்தனிக் கண்ணிகளாக, அழுத்தினால் கோத்துக்கொள்ளும்படி வருகிறது. மோட்டார் வேண்டாதவர் அதை ஒதுக்கிவிட்டுக் கட்டலாம். ஆனால் உடலே மோட்டாருக்காக வடிவமைத்தது என்பதால் அடிப்பகுதியில் எஞ்சும் திறப்புகளை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் அடைத்துப் பட்டி பார்க்க வேண்டியிருக்கும். அடிப்பக்கம் தரையைப் பார்த்தே இருக்கும் என்றால் அதுகூடத் தேவையில்லை. சிப்பாய் உருவங்களும் பெட்டியிலேயே இருப்பதால், சின்னக் காட்சி ஒன்று வைக்க நினைப்பவருக்கு வேறெதுவும் வாங்க வேண்டாம். முதல்முறை முதல் உலகப் போர் டாங்கி கட்டுபவருக்கு இதையே பரிந்துரைக்கலாம்.

டாகோம் ஆண் வகை, பெண் வகை இரண்டையும் தனித்தனிப் பெட்டிகளில் தருகிறது. ஆண் வகையில் இருபுறமும் புடைத்து நிற்கும் ஸ்பான்சன் என்ற துப்பாக்கிக் கூடு ஒவ்வொன்றிலும் ஒரு 6 பவுண்டர் பீரங்கி. பெண் வகையில் இயந்திரத் துப்பாக்கிகள் மட்டும். ரிவிட் வேலை தெளிவாக இருக்கும். ஆனால் பொறுமை கேட்கும் கிட். நிஜத்தில் ஒரு பக்கத்துக்கு 90 தகடுகள் கொண்ட டிராக்கை இருபுறமும் கண்ணி கண்ணியாகக் கோக்க வேண்டும். ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தால் கடைசி இருபது கண்ணிகளில் வெட்டுவாய் மேடுகள் (பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டிய இடத்தில் நிற்பவை) எஞ்சிவிடும், அவைதான் பிறகு இறுக்கமாக நின்று மூலையில் மடிய மறுக்கும். பதினைந்து பதினைந்தாக வெட்டி, மேட்டை முதலில் 1 மி.மீ. விட்டு நறுக்கி, பிறகு கத்தியால் சமமாகச் சீவி, கோத்து, ஒதுக்கி வைப்பதே நல்லது.

டிராக் நீளம் ஏன் பொருந்தாமல் போகிறது

இந்த ஒரு விஷயத்துக்கு அதிக இடம் கொடுக்கலாம், ஏனென்றால் மார்க் வகை கட்டியவர்கள் அடிக்கடி முட்டிக்கொள்ளும் இடம் இது. பக்கச் சட்டம் ஒவ்வொன்றும் உள்தகடு, வெளித்தகடு, அவற்றுக்கிடையே விளிம்புப் பட்டைகள் என்று ஒட்டப்படுகிறது. விளிம்புப் பட்டை இணைப்பில் அரை மி.மீ. இடைவெளி விழுந்தால் சுற்றளவு கூடுகிறது. இரண்டு மூன்று இணைப்புகளில் இது சேர்ந்தால் குறிப்பில் சொன்ன எண்ணிக்கையில் டிராக் மூடாது. ஒரு கண்ணி கூட்டினால் தளர்ந்து தொங்கும். தளர்ந்து தொங்குவது இங்கே தவறாகவே தெரியும். நிஜ டாங்கியில் அடிப்பக்க டிராக் தண்டவாள விளிம்பில் பிடித்தபடி ஓடும், மேல்பக்கம் சட்டத்தின் மேலேயே படுத்திருக்கும். பின்னாளைய டாங்கிகளில் சக்கரங்களுக்கு மேல் தெரியும் தொய்வு இதற்குக் கிடையாது.

ஆகவே பக்கச் சட்டத்தைக் கண்ணாடித் தகட்டின் மேல் படுக்க வைத்தே ஒட்டுங்கள். முதலில் பசையில்லாமல் டேப்பால் கட்டி, கோத்த டிராக்கை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். முன்கொம்பிலுள்ள சக்கரத்தைக் கடைசிவரை ஒட்ட வேண்டாம். நிஜ டாங்கியிலும் டிராக்கை இறுக்கித் தளர்த்தும் அமைப்பு முன்கொம்பில்தான் இருந்தது, மாதிரியிலும் அங்கே கிடைக்கும் அரை மி.மீ. விளையாட்டு ஒரு கண்ணியைக் காப்பாற்றும். இரண்டு சட்டங்களும் நடு உடலோடு சேர்ந்த பிறகு கண்ணாடியில் வைத்து நான்கு முனைகளும் தொடுகின்றனவா பாருங்கள். ஒரு முனை தூக்கி நின்றால் பசை காயும் முன்பே ரப்பர் பட்டை போட்டு அழுத்தி வைக்க வேண்டும். காய்ந்தபின் அந்த முறுக்கை எடுக்க முடியாது.

அசையும் டிராக்கென்றால் பசையே போடாமல் ஒரு மூட்டை மட்டும் திறந்து வைத்து, தனியாகப் பெயின்ட் அடித்து, கடைசியில் சுற்றி அடிப்பக்கத்தில் மூடுங்கள். கோத்தபின் ஒட்டிக் கெட்டியாக்க நினைத்தால் வளையமாக ஒட்டாமல் இரண்டு பாதிகளாக ஒட்டுங்கள். ஒரு பிளவு அடிப்பக்கத்தில் வரட்டும், மற்றது மேலே, குழியிலிருந்து மீளப் பயன்படும் மரத்தடிக்குக் கீழே வரட்டும். அந்தத் தடி டிராக்கின் குறுக்கே கிடப்பதால் பிளவு தெரியாது.

ரிவிட்டுகளையும் இங்கேயே பேசிவிடலாம். தகட்டு இணைப்பைத் தேய்க்கும்போது பக்கத்து ரிவிட்டுகள் மழுங்கும். அதைத் தவிர்க்க ரிவிட் வரிசையின் மேல் இரண்டு அடுக்கு டேப் ஒட்டிவிட்டு, உப்புத்தாளை 5 மி.மீ. அகலக் குச்சியில் ஒட்டித் தேய்க்க வேண்டும். அதைவிட நல்லது தேய்க்கத் தேவையே வராமல் ஒட்டுவது. பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நீர்ப்பசையை (தண்ணீர்போல் ஓடும் பிளாஸ்டிக் பசை) தூரிகை நுனியால் உள்பக்கத்திலிருந்து தொட்டால் அது தானாக இணைப்பில் ஓடிவிடும். வெளியே வழியாது. போன ரிவிட்டுகளைத் திரும்பக் கொண்டுவர, கண்ணில் படாத உள்பக்கத் தகட்டிலிருந்து கூர்க்கத்தியால் சீவி எடுத்து, நீர்ப்பசைத் துளியில் உட்கார வைக்கலாம். ரிவிட் மேல் விழும் டீகாலுக்கு (நீரில் நனைத்து ஒட்டும் சின்னத்தாள்) மென்மையாக்கும் திரவம் அவசியம். படிந்த பிறகும் ரிவிட்டைச் சுற்றி வெள்ளிப் பளபளப்பு தெரிந்தால் ஊசியால் குத்தி மறுபடி திரவம் வைக்க வேண்டும்.

மார்க் 1 எடுக்கலாமா என்ற கேள்வியும் வரும். 1916 செப்டம்பர் 15 அன்று ஃப்ளேர்–கோர்ஸெலெட்டில் முதன்முதலில் களமிறங்கிய வண்டி அது, அதனால் ஈர்ப்பு உண்டு. பின்னால் இரண்டு திசைதிருப்பும் சக்கரங்கள் கொண்ட வால். நீளமான பீரங்கிக் குழல். ஓவியர் சாலமன் ஜே. சாலமன் வடிவமைத்த பல நிற வண்ணத் திட்டம். மார்க் 4-இல் வால் கிடையாது, குழல் குட்டையானது, நிறம் பெரும்பாலும் ஒற்றைக் காக்கிப் பழுப்பு. கட்டுமானச் சிக்கல் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், பெயின்ட் வேலைதான் மார்க் 1-இல் இரட்டிப்பு. 1/35-இல் டாகோம் இதையும் தருகிறது. 1/72-இல் மாஸ்டர் பாக்ஸின் மார்க் 1 நல்ல தேர்வு.

ரெனோ எஃப்டி: சின்னது, ஆனால் உள்ளே முழு வீடு

1918 மே 31 அன்று ரெட்ஸ் காட்டுப் பகுதியில் முதல் சண்டை கண்ட இந்த இரண்டு பேர் டாங்கிதான் இன்றைய டாங்கி அமைப்புக்கு முன்னோடி. ஓட்டுநர் முன்னால், சுழலும் கோபுரம் நடுவில், எஞ்சின் பின்னால். மெங் 1/35-இல் இதை முழு உள்ளமைப்போடும் எஞ்சினோடும் தருகிறது. ஆர்பிஎம் பழைய வரிசை. வகைகள் நிறைய, ஆனால் பாகங்களின் ஓரப் பிசிறை நீக்கவே தனி வேலை இருக்கும். இப்போது புதிதாக வாங்குபவருக்கு மெங்கைத் தாண்டி யோசிக்கக் காரணம் இல்லை.

மெங் இரண்டு பெட்டிகளாக விற்கிறது: வார்ப்புக் கோபுரம் ஒன்று, ரிவிட் அடித்த எட்டுப்பக்கக் கோபுரம் ஒன்று. வார்ப்பு என்றால் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்க வேண்டும். திரவப் பட்டியைக் கெட்டித் தூரிகையால் குத்திக் குத்தி வைத்து, பாதி காய்ந்ததும் நயமான உப்புத்தாளால் லேசாகத் தடவினால் அது வந்துவிடும். எட்டுப்பக்கக் கோபுரம் பெயின்டுக்கு எளிது, ஒவ்வொரு முகத்திலும் ஒளி வேறாக விழும் என்பதால் பார்வைக்கும் நன்றாக இருக்கும்.

உள்ளமைப்பு இருப்பது வரமா சுமையா என்பதை வாங்கும் முன் தீர்மானியுங்கள். எந்தெந்தக் கதவு திறந்திருக்கும் என்று முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்: ஓட்டுநரின் முன்கதவுகள், கோபுரத்தின் பின்கதவுகள், எஞ்சின் மூடி. மூன்றும் திறந்தால் உள்ளே ஒவ்வொரு பாகத்துக்கும் பெயின்ட் அடித்தே உடலை மூட வேண்டும், அதற்குள் பக்கத் தகடுகளை ஒட்டக் கை பரபரக்கும். மூன்றையும் மூடப்போகிறீர்கள் என்றால் பெயின்டைத் தவிர்க்கலாம், பாகங்களைத் தவிர்க்கக் கூடாது. எஞ்சினுக்கும் ஆட்களுக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகடுதான் உடலைச் சதுரமாக நிறுத்துகிறது. அதை விட்டால் பக்கங்கள் உள்வாங்கி, மேல்தகடு அரை மி.மீ. வெளியே நிற்கும். நடுவழியும் உண்டு, அதுவே பெரும்பாலோருக்குப் பொருந்தும்: ஓட்டுநர் கதவை மட்டும் திறந்து, இருக்கை, நெம்புகோல்கள், முன்பகுதித் தரை ஆகியவற்றுக்கு மட்டும் பெயின்ட் அடித்து, எஞ்சின் அறையை மூடிவிடுவது.

ஓடும் அமைப்பில் கவனிக்க வேண்டியது மேல் உருளைகளின் சட்டம். நிஜத்தில் அது வில்லால் மேலே தள்ளப்பட்டு டிராக்கை இறுக்கமாக வைத்திருக்கும். சட்டம் சாய்ந்து ஒட்டினால் மேல் டிராக் அலையாக நெளியும். முன்னாலுள்ள பெரிய சக்கரம் பல வண்டிகளில் மரத்தாலானது, எஃகு விளிம்பு போட்டது. அதற்கு மரநிறம் அடித்து எண்ணெய்க் கறை ஏற்றினால் ஒரு சின்ன வட்டத்திலேயே காலம் தெரிந்துவிடும். பின்வாலின் தாங்கு கம்பிகள் சன்னமானவை. அவற்றை நிப்பரால் (வெட்டுக் குறடு) நேரடியாக வெட்டினால் ஒடியும். அவற்றைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டத்தைச் சுற்றிலும் வெட்டி விடுவித்த பிறகு கத்தியால் அறுங்கள்.

வண்ணத்தில் மூன்றில் எஃப்டிதான் வளமானது. காவி, பச்சை, பழுப்புத் திட்டுகள், பல வண்டிகளில் அவற்றுக்கிடையே கறுப்புக் கோடு. அந்தக் கோட்டை ஏர்பிரஷால் அடிக்கக் கூடாது, அது தூரிகையால் வரைந்தது. ஓரம் கூர்மையாகவே இருக்க வேண்டும். கோபுரத்திலோ பக்கத்திலோ வரும் சீட்டுக்கட்டுச் சின்னம் எந்தப் பிரிவு என்பதைக் காட்டுகிறது. ஒரே வண்டியில் இரண்டு வேறு சின்னம் ஒட்டிவிடாதீர்கள்.

ஏ7வி

மொத்தம் 20 மட்டுமே கட்டப்பட்ட வண்டி. 1/35-இல் மெங்கின் கிட் இருக்கையில் தௌரோவின் பழைய கிட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. கட்டுமானத்தில் மூன்றிலும் வேகமானது இதுவே. டிராக் பெரும்பாலும் மறைவதால் தரையில் தெரியும் பகுதியையும் முன்பின் முனைகளையும் மட்டும் சுத்தமாகச் செய்தால் போதும். சிக்கல் பெரிய கவசத் தகடுகளின் சாய்ந்த மூலைகளில். அங்கே இடைவெளி விழுந்தால் பட்டி பார்க்கும்போது ரிவிட்டும் போகும், கூர்மையும் போகும். மூலைத் தகடுகளை முதலில் கூரையோடு டேப்பால் கட்டி, கீழிருந்து மேலாக ஒட்டிக்கொண்டே போங்கள்.

பெரிய சிக்கல் வேறு. 20 வண்டிகளும் ஒன்றுபோல் இல்லை. கவசம் செய்த ஆலையைப் பொறுத்துத் தகட்டு அமைப்பு மாறும், பெயரும் சின்னமும் வண்டிக்கு வண்டி மாறும். ஆகவே முதலில் ஒரு வண்டியின் பெயரைத் தேர்ந்து, அதன் புகைப்படங்களைச் சேர்த்துக்கொண்டே கட்டத் தொடங்க வேண்டும். எஞ்சியுள்ள ஒரே அசல் ஏ7வி மெஃபிஸ்டோ, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படங்கள் நிறையக் கிடைப்பதால் அதையே கட்டுவது பாதுகாப்பானது. ஜெர்மனியின் முன்ஸ்டர் டாங்கி அருங்காட்சியகத்திலுள்ள வோடன் மறுஆக்கம். உருவம் அறிய உதவும், பழைய தழும்புகளை அதில் தேடக் கூடாது.

இரண்டு டாங்கி சேர்த்துக் காட்சி வைக்க ஆசைப்படுபவருக்கு 1918 ஏப்ரல் 24, வில்லேர்–பிரெட்டோனே இருக்கிறது. டாங்கியோடு டாங்கி மோதிய முதல் சண்டை. எதிரே வந்த மூன்று மார்க் 4-களில் இரண்டு பெண் வகை. இயந்திரத் துப்பாக்கி மட்டும் வைத்துக்கொண்டு ஏ7வியின் கவசத்தை எதிர்க்க முடியாமல் அடிபட்டுப் பின்வாங்கின. ஆண் வகைதான் நிக்ஸே என்ற ஏ7வியைச் சுட்டது. இந்தக் காட்சிக்கு மார்க் 4 ஆண் கிட்டைத்தான் வாங்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. விப்பெட் 1/35-இல் டாகோம், மெங் இருவரிடமும் உண்டு. மார்க் 4 அளவுக்கு டிராக் இருந்தாலும் உடல் எளிது. சாந்த்-ஷாமோன் டாகோமிடம், முன்மூக்கு டிராக்கைத் தாண்டி நீண்டு நிற்பதால் உடல் ஒட்டும்போது நேராக இருக்கிறதா என்று பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஷ்னைடர் ஹாபிபாஸிடம். மூன்றுமே இரண்டாவது கிட்டாக நல்லவை.

குறிகளும் சேறும்

மார்க் 4-இன் முன்கொம்புகளில் வெள்ளை–சிவப்பு–வெள்ளைப் பட்டை 1918-இல் வந்தது. ஜெர்மானியர் கைப்பற்றிய பிரிட்டிஷ் டாங்கிகளைத் தாங்களே ஓட்டத் தொடங்கியதால் அடையாளம் தேவைப்பட்டது. 1917 நவம்பர் 20, காம்ப்ரே தாக்குதல் வண்டியாகக் கட்டினால் அந்தப் பட்டை வரக் கூடாது. பதிலாக, பள்ளங்களில் போட்டுக் கடக்கும் சுள்ளிக் கட்டை கூரை முன்பக்கம் வைக்கலாம். நிஜத்தில் அது சுமார் 3 மீட்டர் நீளம், 1.4 மீட்டர் குறுக்களவு. 1/35-இல் 86 மி.மீ. நீளம், 40 மி.மீ. தடிமன். விளக்குமாற்றுக் குச்சிகளைச் சமமாக வெட்டாமல் முனை ஏறி இறங்க அடுக்கி, நடுவிலும் இரு ஓரங்களிலும் சன்னச் சங்கிலியால் இறுக்கிக் கட்டினால் போதும். காம்ப்ரே சண்டையில் அடிபட்டு, பின்னாளில் மண்ணிலிருந்து தோண்டியெடுத்த டெபோரா என்ற பெண் வகை மார்க் 4 இப்போது ஃபிளெஸ்கியேரில் இருக்கிறது. பிரஸ்ஸல்ஸ் ராணுவ அருங்காட்சியகத்தில் ஆண் வகையான லோட்ஸ்டார் 3 உள்ளது. தகடு இணைப்புகளுக்கு இவற்றின் படங்களே நல்ல வழிகாட்டி.

சேற்றின் அளவையும் களத்தை வைத்தே தீர்மானிக்க வேண்டும். காம்ப்ரே உலர்ந்த சுண்ணாம்பு மேட்டுநிலம், டாங்கிகளுக்காகவே தேர்ந்தெடுத்த தரை. அங்கே வெளிறிய தூளும், டிராக் இடுக்கில் காய்ந்த மண்ணும் போதும். அதே 1917-இல் ஈப்ரெ பகுதியில் டாங்கிகள் களிமண்ணில் புதைந்தன. அந்த வண்டிக்கு வெளித்தகடு பாதிவரை அடர்பழுப்புச் சேறு ஏற வேண்டும். பிளாஸ்டர் தூள், நிறமித் தூள், மேட் அக்ரிலிக் வார்னிஷ் மூன்றையும் கூழாகக் குழைத்து, பழைய தூரிகையால் கீழிருந்து மேலாக அப்புங்கள். சேறு மேலிருந்து கொட்டியதல்ல, டிராக் அள்ளி வீசியது. முதல் அடுக்கு வெளிறியதாக, காய்ந்தபின் இரண்டாவது அடுக்கு அடர்ந்து ஈரமாக, கடைசியில் டிராக் தகட்டின் தரையில் உரசும் முகத்தில் மட்டும் எஃகு நிறத்தை உலர்தூரிகையால் தேய்த்து விடுங்கள்.